வேதியியல் படிக்க இடம் மாறி வரும் மாணவர்கள்: வழிகாட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைச் சமுதாயக் கல்லூரியில் முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது நெடுநாளாக வழக்கத்தில் உள்ள ஏற்பாடு. கலிபோர்னியாவில் 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம் இதை மாநிலக் கொள்கையாகவே ஆக்கியது. இன்று அம்மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இயங்குகின்றன. கட்டணம் குறைவு என்பதாலும், வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியும் என்பதாலும் பலர் இவ்வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வேதியியலை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு இந்த மாற்றம் கூடுதல் கடினமானது. வேதியியல் சங்கிலிபோலக் கோக்கப்பட்ட படிப்பு: பொது வேதியியலை முடிக்காமல் கரிம வேதியியலுக்குப் போக முடியாது, நுண்கணிதமும் இயற்பியலும் இல்லாமல் இயற்பிய வேதியியலைத் தொட முடியாது. மாணவர்களுக்கு உதவ முன்வருபவர்கள் செய்யும் தவறுகளில் பல, இந்த வரிசையை மறப்பதால் நேர்பவையே.

எல்லாத் துறை மாணவரும் எடுக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்களை முதலில் முடித்துவிடு, வேதியியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சமுதாயக் கல்லூரியிலேயே சொல்லிவிடுவது அவற்றுள் முதலாவது. வரலாறோ சமூகவியலோ படிக்கப்போகும் மாணவருக்கு இந்த அறிவுரை பொருந்தலாம். வேதியியல் மாணவருக்கு அது கேடு செய்யும். ஓராண்டுப் பொது வேதியியல், ஓராண்டுக் கரிம வேதியியல், நுண்கணிதம், நுண்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட இயற்பியல் ஆகியவற்றை இரண்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டுமானால், முதல் பருவத்திலேயே பொது வேதியியலும் கணிதமும் தொடங்கியிருக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று விடுபட்ட நிலையில் மாறி வருபவர், இயற்பிய வேதியியல் இலையுதிர் காலத்தில் மட்டுமே தொடங்கும் துறையாக இருந்தால், அடுத்த இலையுதிர் காலம் வரை காத்திருக்க நேரிடும். விடுபட்ட பொதுக்கல்விப் பாடத்தை எந்தப் பருவத்திலும் எடுத்துக்கொள்ளலாம்; விடுபட்ட இயற்பியலுக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது தவறு, கரிம வேதியியலைப் பாதியில் விட்டுவிட்டு மாறும்படி விடுவது. இதை நான் மிகக் கடுமையான பிழையாகக் கருதுகிறேன். சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலும் இப்பாடம் இரண்டு செமஸ்டர்களாக நடக்கும். பத்து வாரப் பருவங்களைக் கொண்ட காலாண்டு முறையைப் பின்பற்றும் பல்கலைக்கழக வளாகத்தில் அதுவே மூன்று பகுதிகளாகப் பிரியும். எந்த அத்தியாயம் எந்தப் பகுதியில் வரும் என்பது இரண்டு இடங்களிலும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. முதல் செமஸ்டரில் பதிலீட்டு வினைகளையும் நீக்கல் வினைகளையும் நன்றாகப் படித்த ஒருவர், நிறமாலையியல் இரண்டாம் செமஸ்டருக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் அதைத் தொடாமலே வந்திருப்பார். புதிய வளாகத்தில் அது முதல் பகுதியிலேயே முடிந்திருக்கும். பேராசிரியர், மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் நிறமாலையியல் முறைகளில் ஒன்றான என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) வரைபடத்தைத் திரையில் காட்டி, இந்த இரு முகடுகளைக் கொண்டு கட்டமைப்பை எழுதுங்கள் என்று சொல்லும்போது, வகுப்பு முழுவதும் எழுதிக்கொண்டிருக்க அந்த மாணவர் மட்டும் திகைத்து நிற்பார். அவருடைய திறமையில் குறை ஒன்றும் இல்லை. முழு வரிசையையும் ஒரே இடத்தில் முடிக்கச் சொல்வதே நல்லது. அது முடியாதபோது, இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து விடுபட்டவற்றைக் குறித்துக் கொடுத்து, கோடையிலேயே படிக்கச் செய்ய வேண்டும்.

கிரெடிட் (படித்த பாடத்துக்கான மதிப்பலகு) ஏற்கப்படுவதையும் அது முதன்மைப் பாடத் தேவையை நிறைவு செய்வதையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது மூன்றாவது. கலிபோர்னியாவின் அசிஸ்ட் இணையதளம், எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதைத் துறைவாரியாகத் தருகிறது. வேதியியலுக்கும் வேதிப் பொறியியலுக்கும் அந்தப் பட்டியல் வேறுபடும் என்பதால், மாணவர் குறிவைத்திருக்கும் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரியிலிருந்து 70 செமஸ்டர் கிரெடிட்டுகள் வரையே பட்டத்துக்கான கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு மேற்பட்ட பாடங்கள் படித்து முடித்தவையாக மட்டும் ஏற்கப்படும்.

வந்து சேர்ந்தபின் நடக்கும் தவறுகள் வேறு வகையானவை. மாறி வந்த முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவதை 1965-இல் ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 'மாற்ற அதிர்ச்சி' என்ற பொருள்படும் பெயரால் குறிப்பிட்டார். பின்னர் பலர் அச்சரிவிலிருந்து மீண்டுவிடுகிறார்கள் என்பதும் நெடுநாளாக அறியப்பட்டதே. அப்படியிருக்க, அந்த ஒரு பருவத்தை வைத்து இவருக்கு வேதியியல் ஒத்துவராது என்று தீர்ப்பெழுதுவது அநியாயம். பதினைந்து வாரச் செமஸ்டருக்குப் பழகியவருக்குப் பத்து வாரக் காலாண்டில் நான்காம் வாரமே இடைத்தேர்வு வந்துவிடும். அதே காலாண்டில் இயற்பிய வேதியியல், கனிம வேதியியல், ஒரு செய்முறை வகுப்பு ஆகியவற்றை ஒன்றாக அடுக்கும் கால அட்டவணைக்கு ஆலோசகர் கையெழுத்திடவே கூடாது. முதல் காலாண்டில் கடினமான வேதியியல் பாடம் ஒன்று, கூடவே முன்பு ஒத்திவைத்த பொதுக்கல்விப் பாடம் ஒன்று என்று அமைத்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஆய்வகத்தைப் பொறுத்தவரை, மாணவருக்கு எல்லாம் தெரியும் என்று கொள்வதும் தவறு, ஒன்றும் தெரியாது என்று கொள்வதும் தவறு. சிறிய வகுப்பில் பேராசிரியரே பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்ததால் தரம்பார்த்தலையும் காய்ச்சி வடித்தலையும் அவர் மற்றவர்களைவிடச் சுத்தமாகச் செய்யக்கூடும். அதே வேளையில், அவருடைய பழைய கல்லூரியில் என்எம்ஆர் கருவி இல்லாதிருந்திருக்கலாம். முதல் வாரத்தில் அந்தக் கருவிகளில் மட்டும் தனியாகப் பயிற்சி கொடுத்தால் போதும்.

ஆராய்ச்சி வாய்ப்பைப் பற்றி நான்காம் ஆண்டில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் பரவலான தவறு. முதலாண்டில் சேர்ந்தவருக்கு நான்கு ஆண்டுகள் உண்டு. மாறி வந்தவருக்கு இருப்பது இரண்டே. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியளிக்கும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்களில் பலவற்றுக்குக் குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுமே அவற்றுக்குத் தகுதியுடையவர்கள். செப்டம்பரில் வந்த மாணவரை ஜனவரிக்குள் நன்கு அறிந்து பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய பேராசிரியர் புதிய வளாகத்தில் அநேகமாக இருக்க மாட்டார். ஆகவே, சமுதாயக் கல்லூரியில் கரிம வேதியியல் நடத்திய ஆசிரியரிடம் கிளம்பும் முன்பே கடிதத்துக்குச் சம்மதம் கேட்டு வைக்கவும், ஆய்வகக் குறிப்பேட்டின் நகலை அவரிடம் கொடுத்துவிட்டு வரவும் மாணவருக்குச் சொல்ல வேண்டும்.