நகரத்தின் தண்ணீர்க் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்னும் 25 ஆண்டுகளில் ஒரு நகரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்படும்? பலரும் சட்டென்று போடும் கணக்கு இதுதான்: மக்கள்தொகையை ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரால் பெருக்கு, ஏரிகளின் கொள்ளளவைக் கூட்டு, எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஒரு புதுத் திட்டம் போடு. இந்தக் கணக்கு எங்கே பிசகும் என்று பார்க்கச் சென்னையை விட நல்ல ஊர் கிடையாது.

முதல் தவறு, சராசரி மழையை நம்புவது. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை என்பார்கள். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க 60 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனது. இரண்டு ஆண்டையும் கூட்டி வகுத்தால் தாளில் பெரிய குறை தெரியாது. முதல் ஆண்டின் தண்ணீர் கடலுக்குப் போய்விட்டது என்பது அந்த எண்ணில் தெரியாதே.

சரி, தேக்கி வைத்தால்? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் நிரம்பினால் சுமார் 11.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). 2020-இல் சேர்ந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை இன்னொரு அரை டிஎம்சி. நகரத்துக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டிஎம்சி வேண்டும். ஆக எல்லாம் நிரம்பினாலும் ஓராண்டுக்குத்தான் வரும். கோடையில் ஆவியாகிப் போவதையும், அடியில் படிந்திருக்கும் வண்டல் பிடித்துக்கொள்ளும் இடத்தையும் கழித்தால் அதுவும் இல்லை. எனவே திட்டம் போடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இரண்டு பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்பது. 2019 ஜூனில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தபோது நகரமே அந்தக் கேள்வியைக் கேட்டது. கொஞ்சம் தாமதமாக.

அப்புறம், ஒப்பந்தத்தில் இருக்கும் தண்ணீரைக் குழாயில் வந்ததாக எழுதிக்கொள்வது. 1983-இல் ஆந்திராவோடு கையெழுத்தான தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டிஎம்சி கிருஷ்ணா நீர் எல்லையில் கிடைக்க வேண்டும். முதல் தண்ணீர் வரவே 1996 ஆனது. ஸ்ரீசைலம், சோமசிலா, கண்டலேறு என்று ஆந்திர அணைகள் வழியாக இறங்கி, நீண்ட கால்வாயில் ஓடித்தான் பூண்டிக்கு வருகிறது. வழியில் அவரவர் தேவையும் இருக்கும்; பெரும்பாலான ஆண்டுகளில் ஒப்பந்த அளவு எட்டவில்லை. இத்தனை ஆண்டுகளில் உண்மையில் வந்த அளவைப் பார்த்து, அதிலும் மோசமான ஆண்டுகளை வைத்துத்தான் கணக்கு எழுத வேண்டும்.

‘நமக்குத்தான் நாலைந்து ஆதாரங்கள் இருக்கின்றனவே’ என்று தெம்பாக இருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அவற்றை எந்த மழை நிரப்புகிறது என்று பார்க்க வேண்டும். நகரத்து ஏரிகள் நான்கும் முக்கியமாக வடகிழக்குப் பருவமழையை நம்பியவை; ஒன்று காய்ந்தால் மற்றதும் காயும். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி அப்படியல்ல. மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் கொள்ளிடம், வடவாறு வழியாக அதை நிரப்புகிறது. 2018-இல் தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் நன்றாகப் பெய்து மேட்டூர் நிரம்பியதால்தான், 2019-இல் உள்ளூர் ஏரிகள் கைவிட்டபோதும் வீராணத்துத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வந்துகொண்டிருந்தது. என்னைக் கேட்டால் அந்த ஆண்டு சொல்லிக்கொடுத்த பெரிய பாடம் இதுதான். ஆனால் அந்த வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீரைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதை யாரும் பேசவில்லை.

கடல்நீரைக் குடிநீராக்குவது எந்த மழையையும் நம்பியதல்ல. மீஞ்சூர், நெம்மேலி நிலையங்கள், இனி பேரூர் என்று அதன் பங்கு கூடிக்கொண்டே போகிறது. மின்செலவு அதிகம் என்பது தெரிந்ததே. ஏரிகள் நிரம்பிய ஆண்டில் அதை எந்த அளவில் ஓட்டுவது, ஓட்டாவிட்டாலும் யார் பணம் கட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். மெல்பர்ன் நகரத்துக்காக 2012-இல் கட்டி முடித்த நிலையம், நல்ல மழை பெய்ததால் 2017 வரை ஒரு சொட்டும் நகரத்துக்கு அனுப்பவில்லை. நிலையத்துக்கான கட்டணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

தேவைப் பக்கம் வந்தால், 135 லிட்டர் கணக்கு பாதியைத்தான் சொல்கிறது. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) போன்ற இடங்களில் அடுக்குமாடிகளும் ஐடி அலுவலகங்களும் வெகுகாலம் போர்வெல்லிலும் தனியார் லாரியிலும் ஓடின. இந்தத் தண்ணீர் மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கணக்கில் வராது. மழை பொய்த்தால் போர்வெல் வற்றும், கடற்கரைப் பக்கம் உப்பாகும். அப்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பதிவு செய்வார்கள். வரத்து குறையும் அதே மாதத்தில் கேட்பு கூடுகிறது! இரண்டையும் தனித்தனிக் கோடாக வரைந்து நீட்டினால் இது கண்ணில் படாது.

பெரும்பாலான வீடுகளில் மீட்டர் இல்லாததால், அனுப்பிய தண்ணீரில் எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு மண்ணுக்குள் கசிந்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. கசிவை அளக்காமல் புது ஆதாரம் தேடினால், புதுத் தண்ணீரும் பழைய ஓட்டை வழியேதான் போகும்.

கடைசியாக, கழிவுநீரை வரவுக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. எவ்வளவு தண்ணீர் வீட்டுக்குப் போகிறதோ, அதில் பெரும்பகுதி சாக்கடை வழியாகத் திரும்பி வருகிறது; வறட்சியிலும் முற்றிலும் நிற்காது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் தொடங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளுக்கு 45 மில்லியன் லிட்டரை மறுசுத்திகரித்து மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திறன் கொண்டவை. அந்த அளவுக்கு நன்னீர் வீடுகளுக்கு மிச்சம். அதே ஆண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டுவரத் திட்டமிட்டது நாளுக்கு 10 மில்லியன் லிட்டர்.