வலி வந்ததும் யூரிக் ஆசிட் மாத்திரையை நிறுத்துகிறீர்களா?

அப்பாவுக்கு முதல் தடவை கவுட் (யூரிக் ஆசிட் படிகங்கள் மூட்டில் படிவதால் வரும் மூட்டுவலி) வந்தது ராத்திரி இரண்டு மணிக்கு. வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து பளபளவென்று வீங்கி, போர்வை நுனி பட்டாலே துடித்தார். வலி அடங்கிய பிறகு டாக்டர் யூரிக் ஆசிட்டைக் குறைக்க அலோபியூரினால் 100 மில்லிகிராம் தொடங்கினார். பத்தே நாளில் மறுபடி வலி. "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று அவராகவே நிறுத்திவிட்டார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நான்கு தடவை படுத்தார்.

நிறைய பேர் செய்கிற தவறு இதுதான். ரத்தத்தில் யூரிக் ஆசிட் குறையத் தொடங்கியதும் மூட்டுக்குள் வருடக்கணக்கில் படிந்திருந்த படிகங்கள் கரைந்து உதிர ஆரம்பிக்கும், அதுவே ஒரு வலியைக் கிளப்பிவிடும். மருந்து வேலை செய்யும்போது வரும் வலி அது. அதனால்தான் முதல் 3 முதல் 6 மாதத்துக்குக் கவுட் வலியை அடக்கும் கோல்ச்சிசினையும் குறைந்த அளவில் சேர்த்து எழுதுகிறார்கள். தினசரி மாத்திரையை விடாமல், வலிக்குத் தனியாக டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

ஆனால் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அரிதாக வருவதுதான், வந்தால் உயிருக்கே ஆபத்து. முதல் இரண்டு மூன்று மாதத்தில்தான் பெரும்பாலும் வரும் என்பதால் அந்தக் காலத்தில் சாதாரண அரிப்பைக்கூட அலட்சியம் செய்யாதீர்கள்.

அலோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட் இரண்டுமே யூரிக் ஆசிட்டைக் குறைப்பவை, வலி மாத்திரைகள் அல்ல. வலி வந்தால் இரண்டு போட்டு, போனதும் டப்பாவை மூடி வைப்பதால் எந்தப் பலனும் இல்லை.

அப்புறம், அளவு. ரத்தத்தில் யூரிக் ஆசிட் சுமார் 6.8-ஐ (ரிப்போர்ட்டில் mg/dL என்று இருக்கும்) தாண்டினால் அது கரைந்து நிற்க முடியாமல் படிகமாகிறது, டம்ளரில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அடியில் தங்குமே, அது மாதிரி. அதனால் 6-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருப்பதுதான் குறிக்கோள். 100 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டிய மருந்து இது. பலர் முதல் சீட்டையே வருடக்கணக்கில் கடையில் காட்டி அதே 100-ஐ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், ரிப்போர்ட்டில் 8 இருக்கிறது, மருந்து பலிக்கவில்லை என்கிறார்கள். இன்னொன்று, வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த டெஸ்ட் நார்மலாகவே வரலாம். அதை நம்பிவிடாமல் வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைதான். யூரிக் ஆசிட்டின் பெரும்பகுதியை வெளியேற்றுவது சிறுநீரகம், கவுட் உள்ளவர்களில் பலருக்கு அது ஏற்கெனவே பலவீனமாக இருக்கும், கூடவே பிரஷரும் இருக்கும். அவர்கள் வாரக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் கிட்னிதான் அடிவாங்கும்.

கோல்ச்சிசினை வலி போகும்வரை மணிக்கு ஒன்றாகப் போடும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கிட்னி நன்றாக இருப்பவருக்கே முதலில் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5, அன்றைக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் வயிற்றுப்போக்கு, இன்னும் மேலே போனால் விஷம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது இதைச் சேர்த்தால் ஆபத்து.

சரி, வலியே வந்ததில்லை, ஹெல்த் செக்கப்பில் மட்டும் 7.4 என்று வந்திருக்கிறது என்றால்? அந்த எண்ணுக்காக மட்டும் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை தேவைப்படாது. நெட்டில் பார்த்து ஃபெபுக்சோஸ்டாட் வாங்கிப் போடாதீர்கள், அதற்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் இதயம் தொடர்பான கடும் எச்சரிக்கையே கொடுத்திருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருந்தால் அதுவே யூரிக் ஆசிட்டை ஏற்றும், டாக்டர் வேறு மாற்றித் தரலாம். இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரினும் கொஞ்சம் ஏற்றும்தான், ஆனால் அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. அசாதயோபிரின் (நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் முதலில் சொல்ல வேண்டும், அலோபியூரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ அதனுடன் சேர்ந்தால் ரத்த அணுக்களே அபாயகரமாகக் குறைந்துவிடும்.