பின்னிய தோல் கைப்பை: அக்கறையோடு செய்கிற தவறுகள்

போன தீபாவளிக்கு வந்திருந்த என் தங்கை, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னக் கத்தரிக்கோல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். பொட்டேகா வெனேட்டா என்ற இத்தாலிய நிறுவனத்தின் பின்னல் பை, காப்பிக்கொட்டை நிறம். வளையலின் கொக்கியில் மாட்டி, பின்னலில் ஒரு தோல் வார் மட்டும் மேலே எழும்பி, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வளையமாக நின்றது. “அக்கா, இந்தப் பிசிரை மட்டும் வெட்டிட்டா தெரியாதுல்ல?” என்றாள். கத்தரிக்கோலைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.

மறுநாள் தோல் வேலை செய்கிற பெரியவர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனோம். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “வெட்டாம கொண்டுவந்தீங்களே, அதுவே போதும்மா. இது பிசிரு இல்ல, பையே இதுதான்” என்றார். முனை மழுங்கிய ஒரு மரக்குச்சியை எடுத்தார். எழும்பிய வாரை அப்படியே உள்ளே அழுத்தவில்லை. பக்கத்துக் கட்டத்தில் கொஞ்சம், அதற்கடுத்த கட்டத்தில் கொஞ்சம் என்று தளர்வைப் பங்குபோட்டுத் தள்ளிக்கொண்டே போனார். ஏழெட்டுக் கட்டம் தாண்டியதும் வளையம் நின்ற இடமே தெரியவில்லை.

“பையே இதுதான்” என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டால், பின்னிய தோல் பையில் எதைச் செய்யக்கூடாது என்பது பாதிக்கு மேல் தானாகவே விளங்கிவிடும். சாதாரணத் தோல் பை என்பது நாலைந்து பெரிய துண்டுகள். பின்னிய பையோ ஏராளமான வார்கள். ஒவ்வொரு வாருக்கும் இரண்டு விளிம்பு. மேல்பூச்சு மெலிந்திருப்பது விளிம்பில். அழுக்கும் ஈரமும் எண்ணெயும் முதலில் நுழைவதும் அங்கேதான்.

இந்தப் பின்னலுக்கு இத்தாலிய மொழியில் ‘இன்ட்ரெச்சாட்டோ’ என்று பெயர். பின்னியது என்றுதான் அர்த்தம். பொட்டேகா வெனேட்டா 1966இல் இத்தாலியின் வடகிழக்கில் இருக்கும் விச்சென்சாவில் தொடங்கியது. அங்கே இருந்த தையல் இயந்திரங்கள் துணி தைப்பதற்கானவை, தடித்த தோலுக்குள் ஊசி இறங்காது, அதனால் கையுறைத் தோல் மாதிரி மெல்லியதை எடுத்தார்கள், அது சீக்கிரம் கிழியாமல் இருக்கப் பின்னினார்கள் என்பதுதான் காலம்காலமாகச் சொல்லப்படும் கதை. பெரும்பாலும் ஆட்டுக்குட்டித் தோல். கன்றுத் தோலோடு ஒப்பிட்டால் மிக மிருது; நகம் பட்டாலே கோடு விழும். மெல்லிய தோலுக்குப் பலம் கொடுப்பது பின்னல்தான் என்பதால், பின்னலைத் தளர்த்துகிற எதுவும் பையின் பலத்தையே குறைக்கிறது.

சரி, முதல் தவறு சுமை. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பை, உள்ளே தாராளமாக இடம். லேப்டாப், சார்ஜர், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் என்று போட்டுக்கொண்டே போவோம். நம் வீட்டு வயர் கூடையில் ஐந்து கிலோ காய்கறி போட்டாலும் தாங்குகிறதே என்று தோன்றும். வயர் கூடையில் பின்னல் பெரும்பாலும் நேர்நிலையில் போகிறது, ஒயரும் பிளாஸ்டிக். இந்தப் பையில் வார்கள் பெரும்பாலும் சாய்வாக ஓடுகின்றன. கிராஸ் கட் பிளவுஸ் ஏன் உடம்போடு இழுத்துக் கொடுக்கிறது? துணியைச் சாய்வாக வெட்டியிருப்பதால். அதே சங்கதிதான் இங்கேயும். சாய்வாகப் பின்னியது சுமையால் கீழே இழுபடும், அகலத்தில் ஒடுங்கும். தோல் ஒரு தடவை நீண்டால் துணி மாதிரி பழைய அளவுக்குத் திரும்பாது. அடிப்பக்கம் தொப்பை போட்டுத் தொங்குகிற பைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, வேலைக்குப் போகும்போது எடுத்துப்போன பைகள். லேப்டாப்புக்குத் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால்தான் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவதும் கூடாது. பகலில் தோளில் தொங்கியது இரவிலும் தொங்கினால் கைப்பிடி சேரும் இடத்தில் வார்கள் ஓயாமல் இழுபடும். தட்டில் உட்கார வையுங்கள். உள்ளே கொஞ்சம் அடைப்பு இருந்தால் வடிவம் நிற்கும், ஆனால் செய்தித்தாள் வேண்டாம். மை உள்துணியில் ஒட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் சிறந்த அடைப்பு, பலமுறை துவைத்து மெலிந்த பழைய வெள்ளை வேட்டி. சாயம் கிடையாது, காற்று போகும், ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். தளர்வாக வையுங்கள். திணித்து அடைத்தால் கட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட ஆரம்பிக்கும்.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அன்பினால் செய்கிற தவறு. தோல் வறண்டு தெரிந்தால் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. செருப்புக்கு அது எப்படியோ போகட்டும். பின்னல் பையில் தடவினால் எண்ணெய் வாரின் மேல் நிற்காது. விளிம்பு வழியாக இறங்கி, ஒரு வார் இன்னொன்றின் அடியில் நுழைகிற இடங்களில் தேங்கும். அங்கே திட்டுத்திட்டாகக் கருக்கும், தூசியும் வந்து அப்பிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஏசி அறை அலமாரியில் வைத்த பையின் இடுக்குகளிலும் அதுதான் நடக்கிறது. வெள்ளையாக ஏதோ தெரிகிறதே, பூசணம் பூத்துவிட்டதோ என்று பயந்து ஈரத்துணியால் துடைப்பார்கள். ஒரு தவறைச் சரிசெய்யப் போய் இரண்டாவது தவறு.

ஷூ பாலிஷ் இன்னும் மோசம். அதிலிருக்கும் மெழுகும் நிறமும் இடுக்கில் போய் இறுகிக்கொள்ளும், எடுக்கவே முடியாது. தோலுக்கென்று விற்கும் நிறமில்லாத கண்டிஷனர் என்றால், அதையும் பையின் மேல் நேராக ஊற்றக்கூடாது. மெல்லிய பருத்தித் துணியில் கடுகளவு எடுத்து, முதலில் துணியிலேயே நன்றாகத் தேய்த்துப் பரப்பிவிட்டு, வார் ஓடுகிற திசையிலேயே ஒற்றுவது போலத் தடவ வேண்டும். அதற்கு முன்னால் அடிப்பக்க மூலையில் ஒரு கட்டத்தில் போட்டு ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, மிஞ்சிப் போனால் இருமுறை. புதிதாக வாங்கிய பைக்கு முதல் வருடம் எதுவுமே வேண்டாம்.

ஈரத்துணி, பேபி வைப்ஸ், சானிட்டைசர் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே ஆபத்து. சானிட்டைசரில் இருக்கும் ஆல்கஹால் மேல்பூச்சைக் கரைக்கக்கூடியது. கையில் போட்டுக் காய்வதற்குள் கைப்பிடியைப் பிடித்தாலே போதும், அந்த இடம் மட்டும் வெளுத்துப்போகலாம். சோப்பு காரத்தன்மை உள்ளது, பதனிட்ட தோலோ கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. இரண்டுக்கும் ஒத்துவராது. அடிக்கடி சோப்பு பட்ட தோல் மிருதுத்தன்மையை இழந்து விறைக்கும்.

அப்புறம் நம் ஊர்க் கல்யாண வீடு. குங்குமம் எடுத்து இட்ட விரலோடு பையைத் தொட்டுவிடுவோம். அல்லது கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலம் பைக்குள்ளே பிரிந்துகொள்ளும். கை உடனே ஈரத்துணிக்குத்தான் போகும். அதுதான் செய்யக்கூடாதது. காய்ந்திருக்கும்வரை குங்குமம் வெறும் தூள். நனைந்தால் சாயம். பையைத் தலைகீழாகப் பிடித்து, பின்பக்கம் விரலால் லேசாகத் தட்டுங்கள். கேமரா லென்சைச் சுத்தம் செய்ய ரப்பர் ஊதான் ஒன்று விற்கிறார்களே, அது இருந்தால் ஒவ்வொரு இடுக்காக ஊதுங்கள். மிச்சத்தை, குழந்தைக்குத் தலைவாரும் மாதிரியான மிருதுவான காய்ந்த பிரஷ்ஷால் வார் போகும் வாக்கில் தள்ளிவிடுங்கள். வாய் வைத்து ஊதாதீர்கள், எச்சில் ஈரம் தெறிக்கும். பொறுமை வேண்டிய வேலைதான், அரைமணி நேரம் ஆகும். ஒரு சிவப்புத் துளிகூட மிஞ்சாமல் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். மஞ்சள் பட்ட கறை இப்படிப் போகாது; அதைத் தேய்க்காமல் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவதுதான் நல்லது.

பட்டுப்புடவையோடு எடுத்துப்போகும்போது ஜரிகைக் கரை பையில் உரசும் பக்கத்தைக் கவனியுங்கள். ஜரிகை உலோக இழை. நடக்க நடக்க வாரின் விளிம்பை மெதுவாக உரசி எடுத்துவிடும். ஜீன்ஸோ வேறு விதமாகக் கெடுக்கும். ஜீன்ஸின் நீலச்சாயம் தண்ணீரில் கரையாத வகை, நூலின் மேல்பரப்பில்தான் படிந்து கிடக்கிறது. உரசினால் உதிர்ந்து எதிரில் இருப்பதில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை, கிரீம், வெளிர் பச்சைப் பைகளின் இடுப்புப் பக்கம் நீலம் பாய்ந்திருப்பது இதனால்தான். பின்னாத சமமான தோலில்கூட இதை எடுப்பது கஷ்டம், பின்னலில் விளிம்புக்குள் இறங்கிவிட்டால் முழுதாக எடுக்க முடிவதே இல்லை. வெளிர் நிறப் பை வைத்திருப்பவர்கள் புது ஜீன்ஸோடு அதைச் சேர்க்கவே வேண்டாம்.

மழையில் நனைந்துவிட்டதா? பதற்றத்தில் ஹேர் டிரையரை எடுக்காதீர்கள். தோலுக்குள் இருப்பது நுண்ணிய இழைகள். பதனிடும்போது கொடுத்த கொழுப்புதான் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொடுக்க வைக்கிறது. ஈரத்தைச் சூட்டில் வேகமாக விரட்டினால் இழைகள் ஒட்டி இறுகும். வார்கள் ஒரே சீராக இறுகாததால் பின்னல் கோணிக்கொள்ளும். வெயிலில் வைத்தாலும் இதே கதை, கூடவே நிறமும் வெளுக்கும். துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, வேட்டித் துணியைத் தளர அடைத்து, ஃபேன் காற்று பையின் மேல் நேராக அடிக்காத இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஒரு துளி மட்டும் பட்டிருந்தால், காயும்போது நிறம் ஓரத்துக்கு நகர்ந்து வட்டமாக நிற்கும். பட்டவுடன் ஒற்றிவிட்டால் பெரும்பாலும் வட்டம் விழாது.

வைக்கிற இடம் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி கடலோரமாக இருந்தால் பூசணம்தான் முதல் எதிரி. பாதுகாப்பு என்று நினைத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைப்பவர்கள் அதை வரவேற்று வைக்கிறார்கள். தோலுக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் உண்டு. கவருக்குள் அது வெளியேற வழியில்லாமல் வியர்க்கும். கூடவே வந்த துணி உறைதான் சரி. தொலைந்துவிட்டால் வெள்ளைப் பருத்தித் தலையணை உறை போதும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் தோலுக்கு நிம்மதி. 65, 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும். அலமாரிக்குள் வைக்கச் சின்ன ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. சிலிக்கா ஜெல் போடலாம், ஆனால் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட்டால் பயனில்லை. ஈரம் குடித்து நிறைந்தபின் அது வெறும் மணிதான். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய சுவர் அலமாரியும் பரணும் வேண்டாம், சுவர் ஓதம் நேராக ஏறும்.

அந்துருண்டையைப் பையின் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். அதன் வாடை தோலில் ஏறினால் இறங்காது.

பூசணம் வந்தே விட்டது என்றால் பையை வெளியே, மற்ற துணிமணிகளிலிருந்து தள்ளி எடுத்துப்போய்க் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட விடுங்கள். வினிகர், எலுமிச்சை வைத்தியமெல்லாம் அலுமினியப் பாத்திரத்தோடு நிற்கட்டும்.

இனி பழுது. எழும்பிய வாரை வெட்டக்கூடாது என்று மேலே சொன்னேன். அறுந்தே போயிருந்தாலும் வெட்டக்கூடாது. அறுந்த முனை எவ்வளவு நீளம் மிச்சமிருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அதைப் பிடித்து உள்ளே சொருக முடியும். ஃபெவிக்விக் மாதிரிப் பசையும் வேண்டாம். அது கல் மாதிரி இறுகும், சுற்றிலும் வெண்மை படரும், அந்தக் கட்டம் வளையாமல் நின்று பக்கத்து வாரை அறுக்கும். நிறம் மங்கிய பைக்கு முழுசாகச் சாயம் அடித்துத் தருகிறேன் என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மேலோடு தெளிப்பீர்களா, வார் வாராகப் பூசுவீர்களா? மேலோடு தெளித்தால் இடுக்கில் சாயம் இறங்கி வார்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கடையிலிருந்து வரும்போது புதுசு மாதிரி மின்னும். நாலு தடவை மடங்கியதும் ஒட்டின இடமெல்லாம் வெடிப்பு விழும்.

விலை உயர்ந்த பை என்றால் செய்தவர்களிடமே முதலில் கேட்டுவிடுவது நல்லது. பொட்டேகா வெனேட்டா 2022இல் தன் கைப்பைகள் சிலவற்றுக்கு ஆயுள் முழுக்கப் பழுதுபார்த்துத் தருவதாக ஒரு சான்றட்டை முறையைக் கொண்டுவந்தது. உங்கள் பையோடு அப்படி அட்டை வந்திருந்தால், அதைப் பைக்குள் போட்டு வைக்காமல் வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பழுதுக்குக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும், அடிப்பக்கமும், சிக்கல் இருக்கும் கட்டமும் தெளிவாகத் தெரிகிற மாதிரிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை பையில் அந்த இடத்தை இப்போது தேடினால் எனக்கே கிடைப்பதில்லை. பையை அவள் வழக்கம்போல இடது தோளில்தான் மாட்டுகிறாள்; கொக்கி வைத்த வளையல்தான் வலது கைக்கு மாறியிருக்கிறது.