கோலத்தைப் பார்த்துக் கோலம் போடாதே: ஆக்கமுறையில் நாம் சறுக்கும் இடங்கள்

மார்கழியில் அத்தை முற்றத்தில் கம்பிக் கோலம் போடும்போது நான் நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். முழுக் கோலத்தையும் அப்படியே பார்த்து வரைவதுதான் வேலை. மாசம் முடிவதற்குள் இருபது, இருபத்தைந்து சேர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் சுற்றுச்சுவர் கட்டியதில் முற்றம் சுருங்கிப்போனது. நோட்டில் இருந்த ஒன்றுகூட அந்த இடத்துக்குள் அடங்கவில்லை. அத்தை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கோலத்தப் பாத்து கோலம் போட்டா இப்பிடித்தான் மக்கா. புள்ளியப் பாரு" என்றாள்.

ஆக்கமுறை (generative) என்று எங்கே படித்தாலும் எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வரும். சில விதிகள், ஒரு தொடக்கம், அவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் எண்ணி முடியாத வடிவங்கள். கலை, மொழி, கற்பித்தல், கணினி மாதிரி என நான்கு துறைகளிலும் இந்தச் சொல் புழங்குகிறது. நாகர்கோவிலில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு இவற்றையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்க்கிறோம். அதில் நாங்கள் விட்ட தவறுகளும், பிறர் எழுதியதைப் படித்தபோது கண்ணில் பட்ட தவறுகளும்தான் இங்கே.

விளைவை விதி என்று நினைப்பது முதல் தவறு. என் நோட்டு அதற்குச் சாட்சி. அதற்கு நேர் எதிர்த் தவறு ஒன்றும் உண்டு: விதியே வேண்டாம், கைபோன போக்கில் போட்டால் அதுதான் ஆக்கமுறைக் கலை என்பது. ஓணத்துக்கு அத்தப்பூக்கோலம் போட உட்கார்ந்த பிள்ளைகளிடம் "உங்க இஷ்டத்துக்குப் போடுங்க" என்று ஒருமுறை விட்டுப் பார்த்தேன். தோவாளைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய பூ குப்பைக்கூடை போலக் கிடந்தது. 1965-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கியோர்க் நீஸ் கணினியில் வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1968 முதல் பாரிஸில் வேரா மோல்னார் கணினியோடு வேலை செய்தார். இவர்கள் படங்களில் தற்செயல் உண்டு, ஆனால் அளந்து ஊற்றிய தற்செயல். மோல்னாரின் சதுரங்கள் ஒழுங்காக அடுக்கி நிற்கும், அங்கங்கே ஒரு மூலை மட்டும் லேசாக நழுவியிருக்கும். ஒழுங்கு இருப்பதால்தான் அந்த நழுவல் கண்ணுக்குத் தெரிகிறது.

மொழிக்கு வந்தால் தவறுகள் கொஞ்சம் சூடானவை. அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957-இல் முன்வைத்த ஆக்கமுறை இலக்கணத்தின் கேள்வி எளிமையானது: இதுவரை யாரும் சொல்லாத வாக்கியத்தை ஒரு பிள்ளை எப்படிச் சொல்கிறது, கேட்பவருக்கு அது எப்படிப் புரிகிறது? மனப்பாடம் என்று சொல்லித் தப்ப முடியாது. என் மாடிக்கு வரும் பிள்ளை ஒன்றின் தம்பி, 'போனான்' என்பதை வைத்துக்கொண்டு 'வானான்' என்றான். வீட்டில் யாரும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொன்னால் 'வந்தான்' என்றுதான் வந்திருக்கும். விதி ஒன்றைப் பிடித்து அவன் ஓட்டிப் பார்த்திருக்கிறான், விதி எங்கே நிற்கவேண்டும் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இதைப் 'பிழை' என்று தலையில் குட்டுவது வீட்டில் நடக்கும் தவறு.

அந்தத் தவறின் பெரிய வடிவம் வட்டார வழக்கைப் பற்றியது. எங்கள் குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கம் 'எனக்க வீடு', 'அவனுக்க அப்பா' என்பார்கள். வெளியூரில் வேலைக்குப் போன இடத்தில் சிரித்தார்கள் என்று கூச்சப்பட்டு இதை மாற்றிக்கொண்டவர்கள் எனக்கே பலர் தெரியும். இதில் உடைந்த இலக்கணம் எங்கே இருக்கிறது? எனக்கு என்றால் எனக்க, அவனுக்கு என்றால் அவனுக்க, மரத்துக்கு என்றால் மரத்துக்க. ஒரே விதி, பிசகாமல் ஓடுகிறது. "மலையாளம் கலந்த தமிழ்" என்று ஒரே போடாகப் போடுவதும் இந்த இடத்தில் செல்லாது, மலையாளத்தில் அது 'என்றெ'. ஆக்கமுறை இலக்கணம் பேசுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, மக்கள் உண்மையில் பேசுவதை ஆக்கும் விதியைத் தேடுவது. பேசுவது சரியா தப்பா என்று மார்க் போடுவது வேறு வேலை.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தவறு ஒன்று. தொல்காப்பியப் பாயிரம் குறிப்பிடும் அதங்கோட்டு ஆசான் எங்கள் மாவட்டத்து அதங்கோட்டுக்காரர் என்பது இங்குள்ளவர்களின் பெருமை. எனக்கும் அதில் பங்கு உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலுக்குக் கிளவியாக்கம் என்றே பெயர், கிளவி என்றால் சொல். எந்தச் சொல் எதோடு சேரும், உயர்திணைக்கு எந்த முடிபு, அஃறிணைக்கு எந்த முடிபு என்று விதிகளாகவே போகும். உடனே மேடையில், "சாம்ஸ்கி சொன்னதை நாங்கள் அன்றைக்கே சொல்லிவிட்டோம்" என்று முழங்குவார்கள். சொல்லவில்லை. சாம்ஸ்கி கேட்டது, தமிழே தெரியாத ஓர் இயந்திரத்திடம் கொடுத்தாலும் வழுவாமல் ஓடக்கூடிய விதிகள். தொல்காப்பியம் தமிழ் தெரிந்தவருக்காக எழுதப்பட்டது. பல இடங்களில் வழக்கையும் மரபையும் பார்த்துக் கொள்க என்று புறனடை (விதிக்குள் அடங்காதவற்றுக்கான சூத்திரம்) சொல்லிப் படிப்பவரை நம்பி விட்டுவிடும். இரண்டின் நோக்கமும் வேறு, இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே புரியாமல் போகும்.

உண்மையான இணைப்பு வேண்டுமென்றால் அது தாம்பரத்தில் இருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனியோடும் கமலா கிருதிவாசனோடும் சேர்ந்து, வாக்கியத்துக்கு எழுதும் ஆக்க விதிகளைப் போலவே கோலத்துக்கும் எழுத முடியும் என்று 1974-இல் காட்டினார். கணினி அறிவியலில் கோலம் ஓர் ஆய்வுப் பொருளாக நுழைந்தது அப்படித்தான். அத்தைக்கு இதைச் சொன்னேன். "இதுக்கு மூணு பேரா?" என்றாள்.

கற்பித்தலில் ஆக்கமுறை என்றால் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயிடமிருந்து தொடங்கலாம். பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் 1963-இல் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த முயற்சி அவருடையது. கற்பவரின் வாழ்க்கையிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசவைத்து, அசை அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் உரிய குடும்பத்தை விரித்து, அதிலிருந்து புதுச்சொற்களை அவர்களையே ஆக்கவைப்பது அவர் முறை. தமிழில் உயிர்மெய் வரிசை இருப்பதால் இது கையில் கிடைத்த வரம். 'வலை' என்று கரும்பலகையில் எழுதுங்கள். வகர வரிசையையும் லகர வரிசையையும் விரியுங்கள். விலை, வேலை, வேலி, வலி, வால், வில் எல்லாம் வந்துவிடும். எங்கள் மாடியில் முதலில் வந்த சொல் 'லீவு'.

இங்கே நடக்கும் தவறு, பேச்சைத் தவிர்த்துவிட்டு அசைக்குத் தாவுவது. வலையின் விலை, வலை கிழிந்தால் போகும் ஒரு நாள் வருமானம், இதையெல்லாம் பேசாமல் வ, லை என்று பிரித்தால் அது வழக்கமான வாய்ப்பாடுதான். இன்னொன்று, ஓரிடத்துச் சொற்பட்டியலை அச்சடித்து எல்லா இடத்துக்கும் அனுப்புவது. குளச்சலில் 'வலை' உயிருள்ள சொல். கடையாலுமூட்டில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை? அங்கே 'பால்' என்று தொடங்க வேண்டும். மாவட்டம் ஒன்றுதான், ஆனால் நெய்தலும் குறிஞ்சியும் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் கிடக்கின்றன.

வகுப்பறையில் இன்னும் நுணுக்கமாக ஒரு சறுக்கல் உண்டு. தானே ஆக்கிய சொல் படித்த சொல்லைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்று 1978-இல் ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதனைகளில் காட்டினார்கள். 'இரவு – ப...' என்று கொடுத்துப் 'பகல்' என்பதைப் பிள்ளையே முடிக்கவைப்பது போன்ற சின்ன வேலைதான். இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாவற்றையும் பிள்ளைகளே ஆக்கட்டும் என்று கிளம்புவார்கள். ஆக்கத் தெரியாத இடத்தில் பிள்ளை தவறாக ஆக்கும், அதையும் நன்றாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். எட்டும் தூரத்தில் வெற்றிடம் விடவேண்டும், உடனே சரிபார்த்துக் கொடுக்கவும் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பெயர்க் குழப்பம். ஆக்கமுறைக் கற்றல் என்றால் பிள்ளை ஆக்குவது. ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு என்றால் இயந்திரம் ஆக்குவது. பாடச்சுருக்கத்தை இயந்திரத்திடம் எழுதி வாங்கி நோட்டில் ஒட்டினால் பெயரில் ஒற்றுமை இருக்கும், ஆனால் ஆக்கிய தலை வேறு. ஒரு கூட்டத்தில் ஒருவர் இரண்டையும் ஒன்றென்றே அரைமணி நேரம் பேசினார், நான் நாகரிகம் கருதி டீ குடிக்கப் போய்விட்டேன்.

கணினி மாதிரிகளில் நடக்கும் தவறுகள்தான் விலை அதிகமானவை என்பேன். 1971-இல் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் விவரித்த மாதிரி ஒன்று உண்டு. கட்டம் போட்ட பலகையில் இரண்டு விதக் காசுகள். அக்கம்பக்கத்தில் தன்னைப் போன்றவை ஓரளவாவது இருந்தால் போதும், இல்லையென்றால் இடம் மாறும். யாருக்கும் யார்மேலும் பகை கிடையாது. ஆனாலும் சில சுற்றுகளில் பலகை இரண்டு குவியல்களாகப் பிரிந்துவிடும். கல்யாண மண்டபத்தில் யாரும் சொல்லாமலே மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம் என்று ஆவதைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது? இலேசான விருப்பமே பிரிவினைக்குப் போதும் என்பது தெரிகிறது. ஒரு குறிப்பிட்ட ஊர் அப்படித்தான் பிரிந்தது என்பது தெரியவில்லை. அந்த ஊரில் "உங்க ஆளுகளுக்கு வீடு கிடையாது" என்று சொன்னவர்கள் இருந்தார்களா என்பதை ஊருக்குப் போய் விசாரிக்கத்தான் வேண்டும். ஒரு வடிவத்தை ஆக்கிக் காட்டும் விதி ஒன்று கிடைத்தால், அதே வடிவத்தை ஆக்கும் வேறு விதிகளும் இருக்கலாம். 1987-இல் கிரேக் ரெனால்ட்ஸ் வெளியிட்ட மாதிரியில் முட்டாதே, பக்கத்தவர் போகும் திசையில் போ, கூட்டத்தோடு சேர் என்ற மூன்றே விதிகளில் திரையில் பறவைக்கூட்டம் பறக்கும், மீன்கூட்டமும் நீந்தும். அதைப் பார்த்துவிட்டு முட்டம் கடலில் சாளைக்கூட்டம் இப்படித்தான் யோசிக்கிறது என்று முடிவுகட்டுவது சாளைக்கு நாம் செய்யும் அநியாயம். ஒத்துவராவிட்டால் மாதிரிக்குள் இருக்கும் எண்களை ரேடியோத் திருகு போலத் திருகிக்கொண்டே போய்ப் படத்தை ஒத்துவரச் செய்வது இதன் உடன்பிறப்பு. பத்துத் திருகு இருந்தால் சாளை என்ன, யானைக்கூட்டத்தையும் வரவைக்கலாம்.

ஆனால் 'மாதிரி எல்லாம் சும்மா' என்று ஒதுக்குவதும் தவறே. எங்கள் கடற்கரைக்குக் கள்ளக்கடல் தெரியும். காற்றில்லை, மழையில்லை, திடீரென்று கடல் ஏறிவரும். நம் வானத்தை மட்டும் பார்த்தால் காரணம் கிடைக்காது, ஏனென்றால் அந்த அலை பிறந்தது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிப் புயல்களில். அலை எங்கே பிறக்கிறது, எப்படிப் பயணிக்கிறது, எவ்வளவு வலு இழக்கிறது என்று கட்டம் கட்டமாக ஆக்கிப் பார்க்கும் மாதிரிகளால்தான் ஐதராபாத்தில் இருக்கும், கடல் தகவல் தரும் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனத்தால் முன்கூட்டியே எச்சரிக்கை விடமுடிகிறது. நேற்றைய உள்ளூர்க் காற்றின் கணக்கை வைத்து நாளைய அலையைச் சொல்ல முயன்றால் கள்ளக்கடல் கள்ளனாகவே இருந்திருக்கும். இந்த மாதிரி நம்பிக்கைக்கு உரியதாவதும் கடலில் மிதக்கும் மிதவைகளின் அளவீட்டோடு ஒத்துப் பார்ப்பதால்தான்.

போன மாதம் படம் வரையும் செயலி ஒன்றிடம் 7-க்கு 5 நேர்ப்புள்ளியில் (வரிசைக்கு ஏழு புள்ளி, ஐந்து வரிசை) ஒற்றைக் கம்பிக் கோலம் கேட்டோம். கண்ணைப் பறிக்கிற படம் வந்தது. பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். ஒரு வரிசையில் ஆறு புள்ளிதான். ஒரு புள்ளியைச் சுற்றிக் கம்பியே இல்லை. ஓரிடத்தில் கம்பி பாதியில் முடிந்து அந்தரத்தில் நின்றது. செயலி செய்தது நான் நோட்டில் செய்ததைத்தான்: ஏராளமான கோலப் படங்கள் பார்வைக்கு எப்படி இருக்கும் என்று படித்திருக்கிறது, புள்ளியைப் பார்க்கவில்லை.

சரி நாமே எழுதுவோம் என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பிள்ளைகளுக்கான நிரல்மொழியான ஸ்கிராட்ச்சில் விதிகளைப் போட்டாள். பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கம்பிகள் குறுக்கே வெட்டிப் போகவேண்டும், ஓரத்தில் வளைந்து திரும்பவேண்டும், அவ்வளவுதான். 3-க்கு 4 போட்டாள், ஒரே கம்பியாக வந்தது. 4-க்கு 4 போட்டாள், நான்கு தனித்தனிக் கம்பிகளாக உடைந்தது. நிரல் தப்பு என்று நானும் ஒரு மணி நேரம் தேடினேன், தப்பு இல்லை. 4-க்கு 6 போட்டால் இரண்டு கம்பி, 5-க்கு 7 போட்டால் ஒன்று. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அவ்வளவு கம்பி. ஆறாம் வகுப்பில் படித்த மீ.பெ.கா. முற்றத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

அத்தையிடம் 4-க்கு 4 படத்தைக் காட்டினேன். இரண்டு வேறு கம்பிகள் வெட்டும் இடத்தில் வெட்டாமல் மடக்கித் திருப்பு, இரண்டும் ஒன்றாகும் என்றாள். அப்படி மூன்று இடத்தில் திருப்பினால் நான்கும் ஒன்றாகிவிடுகிறது. எந்த மூன்று இடம் என்பதில்தான் இப்போது மாடியில் சண்டை.