கார் அலாரமா, இம்மொபிலைசரா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஆக்சசரிஸ் கடைக்குப் போய் "வண்டி களவு போகாம இருக்க ஏதாவது வேணும்" என்று கேட்டால், முதலில் அலாரத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் காரில் இம்மொபிலைசர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அலாரம் கத்தும், அவ்வளவுதான். வண்டியைக் கிளப்ப விடாமல் தடுப்பது இம்மொபிலைசர்.

இம்மொபிலைசர் உள்ள காரில் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும், சாவி போடும் இக்னிஷனைச் சுற்றி ஒரு காயில் (கம்பிச் சுருள்) இருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தக் காயிலே சிப்புக்கு மின்சாரம் கொடுத்து அதன் குறியீட்டை வாங்கும், பொருந்தவில்லை என்றால் இன்ஜினை இயக்கும் கணினியான இசியூ அதை ஓடவிடாது. சிப்புக்குத் தனி பேட்டரி கிடையாது. அதனால் ரிமோட் பேட்டரி தீர்ந்தாலும் சாவியால் கதவைத் திறந்து வண்டியை எடுத்துவிடலாம்.

இருக்கிறதா என்று தெரிய மேனுவலைப் பாருங்கள். இக்னிஷன் போட்டதும் டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ வந்து மறைந்தால் பெரும்பாலும் உண்டு. சிப் இல்லாத டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், ஆனால் இன்ஜின் பிடிக்காது, இல்லாவிட்டால் ஒரு நொடி ஓடி நின்றுவிடும். பழைய கார்புரேட்டர் மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்களுக்கு, ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயிலின் வயரில் ஒளித்து வைத்த, மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு கட் சுவிட்சும் ஒரு ஸ்டீயரிங் லாக்கும் நல்லது. ஸ்டார்ட்டர் வயரில் மட்டும் சுவிட்ச் வைத்தால் திருடன் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவான். ஒரே ஒரு விஷயம்: இந்தச் சுவிட்சோடு மலிவான ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்னக் கருவி) போட்டுவிடாதீர்கள், அது ஓட்டத்தில் எரிந்தால் மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடுவில் இன்ஜின் நின்றுபோகும்.

பட்டனை அழுத்திக் கிளப்பும் புஷ் ஸ்டார்ட் கார் என்றால் வேறு கவலை. வீட்டுக்குள் இருக்கும் ரிமோட்டின் சிக்னலை இரண்டு பேர் கருவி வைத்து நீட்டி, வாசலில் நிற்கும் வண்டியை ஏமாற்றித் திறக்க முடியும். ரிமோட்டை வாசல் பக்க ஆணியில் மாட்டாதீர்கள். சிக்னலைத் தடுக்கும் உலோகத் துணிப் பை கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு அலாரமும் வேண்டும் என்றால், அதிர்வை உணரும் ஷாக் சென்சாரின் உணர்திறனைக் குறைத்துக்கொள்ள முடிகிற மாடலாக எடுங்கள். நம்ம ஊரில் தென்னைக்கு அடியில் நிறுத்தினால் மட்டை விழும், மண்டைக்காடு கோயில் கொடைக்குப் போனால் வெடிச் சத்தம், இரண்டுக்கும் சைரன் அடிக்கும். நாலு தடவை சும்மா கத்தினால் ஐந்தாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்க்க மாட்டார்.

குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையோரம் இருப்பவர்கள், பானட் திறந்தால் அலாரத்துக்குச் சொல்லும் பானட் சுவிட்சை அடிக்கடி பாருங்கள். உப்புக்காற்றில் அது துருப்பிடித்தால் பானட் திறந்திருக்கிறது என்று நினைத்து அலாரம் நடுராத்திரியில் அலறும். வயர் இணைப்புகளை வெறும் டேப் சுற்றி விடாமல் ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போடச் சொல்லுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் வண்டியை மாதக்கணக்கில் ஷெட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். அலாரம் எந்நேரமும் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும், திரும்பி வரும்போது பேட்டரி செத்திருக்கும். போகும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடலாம், ஆனால் சொந்த பேட்டரி உள்ள சைரன் என்றால் அதற்கான சாவியால் முதலில் அணைத்துவிடுங்கள், கழற்றிய உடனே ஊரைக் கூட்டிவிடும். திருடன் பேட்டரி வயரை வெட்டினாலும் அடிக்கும் என்பதால் வாங்கும்போது அந்த வகையே மேல்.

இரண்டு ஒரிஜினல் சாவியையும் பத்திரமாக வையுங்கள், வண்டி களவு போனால் இன்சூரன்ஸில் இரண்டையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்தால் ஷோரூமில் சொல்லி அந்தச் சாவியின் குறியீட்டை வண்டியிலிருந்து அழித்துவிடுங்கள். அலாரம் பொருத்தும்போது வயரை வெட்டி ஒட்டாமல் கப்ளர் (செருகி இணைக்கும் கனெக்டர்) போட்டுச் செய்யச் சொல்லுங்கள், புது வண்டிக்கு வாரண்டி சிக்கல் வரும் வாய்ப்பு குறையும். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் யாரையும் கைவைக்க விடாதீர்கள், வேலை முடிந்ததும் பொருத்திய பொருளின் பெயர் போட்ட பில்லை வாங்கி வண்டிக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.