படையில் சேரும்போது எடுக்கும் உறுதிமொழி: எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

படையில் சேரும் நாளில் உறுதிமொழி எடுப்பது ஒரு நிமிட வேலை. அதிகாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் முடிந்தது. அதனாலேயே பலர் அதை வெறும் சடங்காக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் யாருக்கு விசுவாசம், எதுவரை கீழ்ப்படிதல் என்பதெல்லாம் அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது. அதை முன்னாலேயே வாங்கி நிதானமாகப் படிக்காமல் போய் நிற்பதுதான் முதல் தவறு.

"எல்லாம் நாட்டுக்காகத்தானே" என்று மொத்தமாக எடுத்துக்கொள்வது அடுத்தது. இந்தியாவில் விசுவாசம் அரசியலமைப்புக்கு. பிரிட்டனில் அது மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும். (அங்கே கடற்படையில் சேருபவர்களுக்கு மட்டும் இந்தப் பிரமாணமே கிடையாது!) ஆளுக்கா, சட்டத்துக்கா என்ற வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஜெர்மனியில் பார்க்கலாம். முதல் உலகப் போருக்குப் பின் அங்கே அமைந்த வைமார் குடியரசின் தொடக்கத்தில் அந்நாட்டு வீரர்கள் அரசியலமைப்பின் மேல் ஆணையிட்டார்கள். 1934 ஆகஸ்ட் 2 அன்று அதிபர் ஹிண்டன்பர்க் இறந்ததும், ஹிட்லரின் பெயரைச் சொல்லி, அவருக்கு நிபந்தனையின்றிக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வைத்தார்கள். பின்னாளில் அவரை எதிர்க்க நினைத்த அதிகாரிகள் சிலருக்கே அந்தச் சத்தியம் முட்டுக்கட்டையாக நின்றது. வேறு சிலருக்கு அது வசதியான சாக்கு என்றும் எனக்குத் தோன்றும்.

சரி, கீழ்ப்படிதலுக்கு வருவோம். இந்தியத் தரைப்படையின் உறுதிமொழியில், நிலம், கடல், வான் என எந்த வழியாக அனுப்பினாலும் போவேன், உயிருக்கே ஆபத்து வந்தாலும் மேலதிகாரியின் கட்டளையை ஏற்பேன் என்று வருகிறது. இதைக் கேட்டுவிட்டு, என்ன சொன்னாலும் செய்தாக வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 41ஆவது பிரிவில், சட்டபூர்வமான கட்டளையை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. இன்றைய ஜெர்மனியில், மனித கண்ணியத்தைக் குலைக்கும் உத்தரவை ஏற்காதது கீழ்ப்படியாமையே ஆகாது. அமெரிக்காவில் இன்னொரு நுட்பம்: சிப்பாயின் உறுதிமொழியில் அதிபருக்கும் அதிகாரிகளுக்கும் கீழ்ப்படிவேன் என்ற வரி இருக்கிறது, அதிகாரியின் உறுதிமொழியில் இல்லை. அதற்காக எந்த உத்தரவையும் அவரவர் விருப்பப்படி எடைபோடலாம் என்று கிளம்புவதும் தவறுதான். பிடிக்காத உத்தரவு வேறு, சட்டவிரோத உத்தரவு வேறு.

கடவுள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமோ என்று தயங்குபவர்களுக்கு: பல நாடுகளில் உளமார உறுதி கூறினாலே போதும். எப்படிச் சொன்னாலும் கடமை ஒன்றுதான்.

அப்புறம், பொய் சொல்லிச் சேர்ந்துவிட்டு, "அதனால் அந்தப் பிரமாணம் செல்லாது" என்று பின்னால் வாதாடலாம் என்ற நினைப்பு. அமெரிக்காவில் கிரிம்லி என்பவர் இதை முயன்று பார்த்தார். சேரக்கூடிய வயது வரம்பு 35. நாற்பது வயதுக்காரரான அவர் 28 என்று சொல்லி உறுதிமொழி எடுத்தார். படையை விட்டு ஓடியதாகப் பிடிபட்டதும், எனக்குத்தான் தகுதியே இல்லையே என்றார். 1890இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த உறுதிமொழியை எடுத்ததுமே அவர் சிப்பாய் ஆகிவிட்டார், தன் பொய்யைக் காட்டியே அதிலிருந்து தப்ப முடியாது என்றது.