பிசியில இருக்கிற எக்ஸ்எம்எல் ஃபைலை ஏஎஸ்/400 டேபிள்ல ஏத்துறது எப்படி

எக்ஸ்எம்எல் (டேக் போட்டு அடுக்கடுக்கா டேட்டா எழுதின ஃபைல்) வந்தா உடனே எக்செல்ல திறந்து சிஎஸ்வியா சேவ் பண்ணி, அதை காப்பி ஃப்ரம் இம்போர்ட் ஃபைல் கமாண்ட் போட்டு ஏத்துற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. ஒரே லெவல் டேட்டான்னா ஓகே, ஆனா ஒரு ஆர்டருக்குள்ள பத்து ஐட்டம்னு அடுக்கா இருந்தா எந்த ஐட்டம் எந்த ஆர்டரோடதுன்னு தேடியே பொழுது போயிடும். ஐபிஎம் ஐ-ல (கம்பெனிங்க கணக்கு வழக்குக்கு ஓட்டுற ஐபிஎம் சிஸ்டம், அதே பழைய ஏஎஸ்/400தான், பேரை மட்டும் மாத்திக்கிட்டே இருக்காங்க) 7.1 ரிலீஸ்ல, அதாவது 2010ல, அதோட டேட்டாபேஸான டிபி2க்குள்ளயே எக்ஸ்எம்எல் டேட்டா டைப் வந்தாச்சு, எக்ஸ்எம்எல்லை ரோவும் காலமுமா பிரிக்கிற எக்ஸ்எம்எல்டேபிள் ஃபங்ஷன் அதுக்கப்புறம் பிடிஎஃப் (ஐபிஎம் குடுக்கிற அப்டேட்) வழியா வந்துச்சு. அதனால சுத்தி வளைக்க வேண்டியதே இல்ல.

மொதல்ல ஃபைலை ஐஎஃப்எஸ்ல (பிசி மாதிரி ஃபோல்டர் இருக்கிற பகுதி), ஹோம் டைரக்டரி மாதிரி ஒரு இடத்துல போடுங்க. லைப்ரரியில ஒரு பிசிக்கல் ஃபைல் மெம்பர்ல போடாதீங்க, ரெகார்ட் நீளத்துக்கு வரி வெட்டுப்படும், மேல எப்சிடிக்கா (ஐபிஎம்மோட பழைய எழுத்து குறியீடு) மாறிடும், ஆனா ஃபைலோட முதல் வரி மட்டும் நான் யூடிஎஃப்-8னு சொல்லிட்டு இருக்கும். எஃப்டிபின்னா பைனரி மோட்ல அனுப்புங்க, நேம் ஃபார்மட் 1ன்னு செட் பண்ணிட்டு. எஃப்டிபி பிடிக்கலன்னா ஏசிஎஸ்ல (பிசியில போடுற ஐபிஎம்மோட ஆக்சஸ் க்ளையன்ட் சொல்யூஷன்ஸ்) ஐஎஃப்எஸ் விண்டோ திறந்து அப்லோட் குடுத்தாலே போதும்.

பாதி பேர் மாட்டுறது அடுத்த இடத்துலதான், சிசிஎஸ்ஐடி, அதாவது ஃபைல் எந்த எழுத்து குறியீட்டுல இருக்குன்னு சொல்ற நம்பர். வொர்க் வித் லிங்க்ஸ் போட்டு ஃபைல் முன்னாடி 8 அடிச்சா ஆட்ரிப்யூட் காட்டும். உள்ள யூடிஎஃப்-8 இருக்கும், லேபிள் மட்டும் 819 இல்லன்னா 1252னு ஒட்டியிருக்கும். சேஞ்ச் ஆட்ரிப்யூட் கமாண்ட்ல 1208ன்னு (அதுதான் யூடிஎஃப்-8) மாத்திடுங்க, இது லேபிளை மட்டும்தான் மாத்தும், டேட்டாவை தொடாது. கஸ்டமர் பேரு தமிழ்ல வருதுன்னா டேபிள் காலமும் 1208 இல்லன்னா என்வார்கேரா (யூனிகோட் டைப்) இருக்கணும், 37ல (ஆங்கில எப்சிடிக்) இருக்கிற காலத்துல தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது.

இனி எஸ்க்யூஎல். கெட் எக்ஸ்எம்எல் ஃபைல் ஃபங்ஷனுக்கு ஐஎஃப்எஸ் பாத்தை குடுத்து, அதை எக்ஸ்எம்எல்பார்ஸ்ல (டெக்ஸ்டை எக்ஸ்எம்எல் டைப்பா மாத்துறது) சுத்தி, எக்ஸ்எம்எல்டேபிளுக்கு பாஸ் பண்ணி, வர்றதை இன்சர்ட் பண்ணிடலாம், மொத்தமும் ஒரே ஸ்டேட்மென்ட்தான். ஆனா இந்த கெட் எக்ஸ்எம்எல் ஃபைல் ஃபங்ஷன் கமிட்மென்ட் கன்ட்ரோல் (மாத்தினதை கமிட் இல்லன்னா ரோல்பேக் பண்ற ஏற்பாடு) இல்லாம ஓடாது. ரன் எஸ்க்யூஎல் ஸ்க்ரிப்ட்ஸ்ல (ஏசிஎஸ்ல எஸ்க்யூஎல் ஓட்டுற விண்டோ) ஐசொலேஷன் லெவல் *NONEன்னு, அதாவது கமிட்மென்ட் கன்ட்ரோல் இல்லன்னு இருந்தா லொக்கேட்டர் பத்தி ஏதோ புலம்பிட்டு நின்னுடும். அதை மாத்தினதும் சில பேருக்கு எஸ்க்யூஎல்7008 வரும், டேபிள்ல நடக்கிற மாற்றம் ஜர்னல்ல (மாற்றங்களோட பதிவேடு) பதிவாகலன்னு அர்த்தம். கிரியேட் ஸ்கீமா போட்டு உருவாக்கின லைப்ரரின்னா ஜர்னல் தானா ஆகியிருக்கும், பழைய கிரியேட் லைப்ரரி கமாண்ட்ல போட்டதுன்னா நீங்களே ஸ்டார்ட் ஜர்னல் கமாண்ட் குடுக்கணும்.

எக்ஸ்எம்எல்டேபிள்ல ரோ பாத் (எந்த டேக் ஒரு ரோவா ஆகணும்ங்கிற வழி) எதுன்னு முடிவு பண்றதுதான் உண்மையான வேலை. ஐட்டம் டேபிளுக்கு ஏத்துறீங்கன்னா ரோ பாத்தை ஐட்டம் வரைக்கும் கொண்டு போங்க, ஆர்டர் நம்பருக்கு ரெண்டு புள்ளி போட்டு ஒரு படி மேல ஏறி அந்த ஆட்ரிப்யூட்டை எடுத்துக்கலாம். எல்லாம் சரியா இருந்தும் ஜீரோ ரோ வருதா, ஃபைல் உச்சியில எக்ஸ்எம்எல்என்எஸ்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த நேம்ஸ்பேஸை (டேக் பேருங்க எந்த தொகுப்புங்கிற அடையாளம்) டிஃபால்ட்னு டிக்ளேர் பண்ணாம ஒண்ணுமே மேட்ச் ஆகாது, எரரும் வராது, அதான் கடுப்பு.

அமவுன்ட் காலத்தை நேரா டெசிமல்னு போடாதீங்க. டேக் இருந்து உள்ள காலியா இருந்தா டிஃபால்ட் வேல்யூ வேலை செய்யாது (அது டேக்கே இல்லாதப்பதான்), காலி ஸ்ட்ரிங்கை நம்பரா மாத்தப் போய் மொத்த இன்சர்ட்டும் அடிபடும். வார்கேரா வாங்கி, நல்இஃப் (காலி ஸ்ட்ரிங்கை NULL ஆக்குறது) போட்டு, அப்புறம் டெசிமலா மாத்துங்க. தேதியும் அதே கதைதான், 31/12/2023ன்னு வந்தா டேட் டைப் ஒத்துக்காது, ஸ்ட்ரிங்கா வாங்கி டைம்ஸ்டாம்ப் ஃபார்மட்ல மாத்தணும்.

ஆர்பிஜி (இந்த சிஸ்டத்தோட ப்ரோக்ராமிங் மொழி) ப்ரோக்ராம்லயே முடிக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு எக்ஸ்எம்எல்லை நேரா வேரியபிள்ல வாங்குற எக்ஸ்எம்எல்-இன்டூ இருக்கு, வி5ஆர்4ல இருந்தே. ஃபைல் பெருசுன்னா ஹேண்ட்லர் (பகுதி பகுதியா வர்ற டேட்டாவை வாங்கிக்கிற ப்ரொசீஜர்) வச்சு கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க. கேஸ் எனின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை மறந்துடாதீங்க, போடலன்னா டேக் பேரெல்லாம் சின்ன எழுத்துல இருக்கணும்னு எதிர்பாக்கும்.